இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும்: ஓர் அடுக்ககத் தகராறு தணிந்த விதம்

## இதை ஏன் எழுதுகிறேன்

பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்தக் காலத்தில் என் தூக்கத்தைக் கெடுத்த தகராறு ஒன்றே ஒன்றுதான். அதை ஆரம்பத்திலிருந்து இங்கே பதிவு செய்கிறேன். இரு வீட்டாரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை, காவல் நிலையம் வரை போகவுமில்லை. ஆனாலும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. அந்த நிலை வரக் கொஞ்சம் நானும் காரணம். வேறு எங்காவது இதே இடத்தில் நிற்பவருக்கு உதவும் என்பதால் என் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## பின்னணி

இரண்டாம் மாடி வீட்டில் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து சொந்த வீட்டில் இருப்பவர்கள். அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது, காது கொஞ்சம் மந்தம். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், தூக்கம்தான் சரியாக வராது. வயது கூடக் கூடத் தூக்கம் லேசாவதும், விடியுமுன்பே விழிப்பு வருவதும் பொதுவாக எல்லோருக்கும் நடப்பதுதான்.

அவர்களுக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் மூன்று இளைஞர்கள் வாடகைக்கு வந்தார்கள். இருவர் மருத்துவமனையில் இரவுப் பணி. மூன்றாமவர் ஒரு கிடங்கில் வேலை செய்தார், அவருடைய ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். கட்டடத்தில் மற்றவர்கள் பேசும் மொழி அவர்களுடைய தாய்மொழி இல்லை. மதமும் வேறு. மூவரில் இளையவருக்கு மட்டும் எங்கள் மொழி சரளமாக வரும்.

சங்கத்தின் விதிப்படி வீட்டு உரிமையாளர்கள்தான் உறுப்பினர்கள். வாட்ஸ்அப் குழுவிலும் அவர்கள் மட்டும்தான். பராமரிப்புக் கட்டணத்தை வாடகையோடு சேர்த்துக் கட்டுவது வாடகைதாரர், பேசும் உரிமை உரிமையாளருக்கு. அன்று இதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

## முதல் புகாரும் நான் செய்ததும்

அவர்கள் குடிவந்து ஆறு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் பெரியவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, மேல இருக்கிற பசங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க."

என்ன நடந்தது என்று கேட்டேன். "ராத்திரி பூரா நடமாட்டம். விடியக்காலைல வேணும்னே தரையில எதையோ போடறாங்க. வீட்டம்மா தூங்கி ஒரு மாசம் ஆச்சு. அவங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்."

இந்த நாலு வாக்கியத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருந்தன. காதில் விழுந்த ஒரு சத்தம், அதன் நோக்கத்தைப் பற்றிய ஓர் ஊகம், ஒரு கூட்டத்தையே பற்றிய தீர்ப்பு. நான் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. தூக்கமில்லாத மனிதரின் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது உடனே செய்ய வேண்டும் என்று தோன்றியது. மேல் வீட்டின் உரிமையாளருக்குப் போன் செய்தேன். அவர் வாடகைதாரர்களுக்குப் போன் செய்து, "புகார் வந்திருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மாடி ஏறிப் போய் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தங்கள் மேல் இப்படி ஒரு குறை இருக்கிறது என்பதையே ஒரு மிரட்டலாகத்தான் அவர்கள் முதலில் கேள்விப்பட்டார்கள். மறுநாள் படிக்கட்டில் எதிரே வந்த இளையவர், வழக்கமாக வணக்கம் சொல்பவர், போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

அப்புறம் பெரியவர் தடியால் கூரையைத் தட்ட ஆரம்பித்தார். மேலிருந்து பதிலுக்கு ஒரு மிதி விழுந்தது.

## சத்தம் ஒன்று, புகார் பத்து

அடுத்த மூன்று வாரத்தில் உரிமையாளர்கள் குழுவில் வந்த செய்திகளைப் பின்னாளில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். முதலில் சத்தம். பிறகு மூன்றாம் மாடி வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளின் படம். பிறகு வண்டியை நிறுத்தும் இடம், படிக்கட்டில் சத்தமாகப் போன் பேசுவது, வந்து போகும் நண்பர்கள். கடைசியில் ஒருவர் "வெளியாட்கள்" என்ற சொல்லைப் போட்டார். நாலு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள்.

புகார் சொன்ன ஐந்து வீடுகளில் ஒன்றுகூட மூன்றாம் மாடியை ஒட்டி இல்லை. அதே வாரத்தில் முதல் மாடி வாசலில் அதைவிட அதிகமாகச் செருப்புகள் கிடந்தன. யாரும் படம் எடுக்கவில்லை. நம்மில் ஒருவர் செய்தால் அவசரம், மறதி என்று நினைக்கிறோம். பழக்கமில்லாதவர் அதையே செய்தால் அவர் குணம் அப்படி என்று முடிவு கட்டுகிறோம். சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் பிறர் செயலுக்கு அவர்கள் குணத்தையே காரணம் காட்டும் இந்தச் சாய்வுக்கு, 1977-இல் உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்.

## கூடிப் பேசினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை

நல்லெண்ணத்தோடு நான் செய்த இரண்டாவது தவறு இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடியில் எல்லா வீட்டாரும் கூடிப் பழகலாம் என்று அழைத்தேன். வாடகைதாரர்களையும் சேர்த்து.

மூன்று இளைஞர்களும் நேரத்துக்கு வந்தார்கள், நல்ல உடையில். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூவரும் ஒன்றாக நின்றார்கள். மற்றவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்புறம், எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டார். கேட்டவர் அதை வேடிக்கை என்று நினைத்திருக்கலாம். மற்ற இருவருக்காக இளையவர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அவர்கள் புரிந்துகொண்டார்கள். இருபது நிமிடத்தில் மூவரும் இறங்கிப் போனார்கள்.

அன்று இரவு எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. பழகினால் பகை குறையும் என்றுதானே சொல்கிறார்கள், இங்கே கூடிவிட்டதே என்று குழம்பினேன். இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

முசாபர் ஷெரிப் என்ற சமூக உளவியலாளர் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், 22 சிறுவர்களைக் கோடை முகாமுக்கு அழைத்துப் போனார். எல்லோருக்கும் பதினொன்றை ஒட்டிய வயது. ஒரே இனம், ஒரே மாதிரிக் குடும்பப் பின்னணி. இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்ததும் ஒருவரை ஒருவர் வெறுக்கத் தொடங்கினார்கள். வித்தியாசமே இல்லாதவர்களிடையே இவ்வளவு பகை. பிறகு இரு குழுவையும் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். சாப்பாட்டை எடுத்து எறிந்து சண்டை போட்டார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டு இரு குழுவும் சேர்ந்து கோளாறைத் தேட வேண்டி வந்தது. அதுபோல இன்னும் சில காரியங்களைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை மெல்ல இறங்கியது.

என் மொட்டை மாடிக் கூட்டம் அந்தச் சாப்பாட்டுக் கூடம்தான் என்று அப்போது புரிந்தது.

அதே 1954-இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வேறுபட்ட குழுக்கள் பழகுவது எப்போது பலன் தரும் என்று நாலு நிலைகளைச் சொல்லியிருந்தார். இரு தரப்புக்கும் சம மதிப்பு, பொதுவான ஒரு நோக்கம், போட்டியில்லாமல் சேர்ந்து செய்யும் வேலை, பொறுப்பில் இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. நாலையும் எங்கள் கட்டடத்தில் பொருத்திப் பார்த்தேன். ஒருவர் உரிமையாளர், மற்றவர் காலி செய்யச் சொன்னால் போக வேண்டியவர். பொதுவான வேலை எதுவும் கிடையாது. பொறுப்பில் இருந்த நான் முதல் நாளே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். நாலில் ஒன்றுகூட இல்லை.

2006-இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாகப் பகையைக் குறைக்கிறது என்பது உறுதியானது. ஆல்போர்ட் சொன்ன நிலைகள் இருந்தால் பலன் அதிகம், இல்லாத இடத்திலும் ஓரளவு பலன் உண்டு என்றும் தெரிந்தது. அதனால் நம்பிக்கையை விடவில்லை. முறையை மாற்ற வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

## நாலு நாற்காலி

மூன்றாம் மாதம் நடுவில் அடுத்த சந்திப்பு. இந்தத் தடவை முதலில் மேல் மாடிக்குப் போனேன், தனியாக. போன் செய்து மிரட்டல் வரக் காரணமானதற்கு மன்னிப்புக் கேட்டேன். இளையவர் உடனே எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சார், எங்களுக்கும் தூக்கம் இல்ல. யாரும் கேட்கல" என்றார்.

இரவுப் பணி முடித்து எட்டரைக்கு வருவார்கள். ஒன்பதரைக்குப் படுப்பார்கள். பத்து மணிக்குக் கீழே தொலைக்காட்சி ஆரம்பிக்கும். காது மந்தமானவர் வைக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகல் தூக்கம் இயல்பாகவே குறைவு, லேசானது. உடம்பின் உள்கடிகாரம் விழித்திரு என்று சொல்லும் நேரத்தில் படுக்கிறார்கள். அதற்கு மேல் கூரையைத் தட்டும் தடி வேறு. கீழ் வீட்டின் இரவு மேல் வீட்டின் பகல், மேல் வீட்டின் இரவு கீழ் வீட்டின் பகல். இரண்டு மாதமாக ஒரு பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தரைத்தளத்தில் சங்க அறை இருக்கிறது. அங்கே ஒரு சோபாவும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் உண்டு. வழக்கமாக மூத்த உரிமையாளர்கள் சோபாவில் உட்காருவார்கள். அன்று சோபாவைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரே மாதிரி நாலு நாற்காலிகளை மேசையைச் சுற்றிப் போட்டேன். பெரியவரிடம், "ஐயா, இன்றைக்கு அம்மாவும் வரட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் அம்மாவும் ஒரு பக்கம், இளையவரும் நானும் ஒரு பக்கம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

பெரியவர் பேசி முடித்ததும் அம்மாவைப் பார்த்தேன். இவ்வளவு நாள் இவர் பெயரைச் சொல்லித்தான் எல்லாம் நடந்தது, இவரை யாரும் கேட்கவில்லை. அம்மா மெதுவாகச் சொன்னார்: "நடமாட்டம் எனக்குப் பரவாயில்ல. எப்ப விழும்னு தெரியாம காத்துக்கிட்டு படுத்திருக்கேன் பாருங்க, அதுதான் முடியல."

அவர் சொன்ன இந்த ஒரு வரிதான் பின்னால் எங்களுக்கு வழி காட்டியது.

## இரண்டு நோட்டுகள்

இரு வீட்டுக்கும் ஒரே மாதிரி நோட்டு ஒன்று கொடுத்தேன். தேதி, நேரம், என்ன மாதிரிச் சத்தம், எவ்வளவு நேரம் என்று நாலு பத்தி. யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதற்குப் பத்தியே கிடையாது. வேண்டும் என்றே அதை விட்டேன். 21 நாள் எழுதினார்கள்.

கீழ் வீட்டு நோட்டை எழுதியது அம்மா. 46 பதிவுகள். அதில் 17 ஒரே மாதிரி: விடிகாலை நாலரையை ஒட்டி, சுவரில் 'டொக்' என்று ஒரு சத்தம், சில சமயம் இரண்டு. இன்னும் 14 பதிவுகள் இரவு பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் நாற்காலி இழுப்பது, பக்கெட் வைப்பது. மீதி 15-இல் காலடி, பேச்சு, என்னவென்று தெரியாதவை.

மேல் வீட்டு நோட்டில் 38 பதிவுகள். பகல் தொலைக்காட்சி, தடி, தவறுதலாக அடிக்கும் அழைப்பு மணி. அதிலும் நாலரை மணி 'டொக்' ஒன்பது இடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், பத்தியை மீறி, யாரோ தங்கள் மொழியில் ஏதோ குறித்திருந்தார்கள். 'கீழே தட்டுகிறார்' என்று இளையவர் படித்துச் சொன்னார்.

இரவுப் பணி நாட்களில் நாலரைக்கு மேல் வீட்டில் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார், அவரும் தூக்கத்தில். சில நாள் வீடே பூட்டிக் கிடக்கும். அந்த நாட்களிலும் கீழே 'டொக்' பதிவாகியிருந்தது.

பிளம்பரிடம் பேசியபோது அவர் ஒரே கேள்வி கேட்டார்: "சார், மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுது?"

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை நாலே கால் மணிக்கு நாங்கள் ஐந்து பேர் கீழ் வீட்டுப் படுக்கையறையில் நின்றோம். பெரியவர், அம்மா, பிளம்பர், இளையவர், நான். அன்று இளையவருக்கு விடுமுறை, மேல் வீட்டு மற்ற இருவரும் வேலையில். மேலே வீடு பூட்டியிருந்தது. சாவி அவர் கையில். விளக்கைப் போட வேண்டாம் என்று பிளம்பர் சொல்லியிருந்ததால் ஜன்னல் வழியாக வந்த தெரு வெளிச்சம் மட்டும். கீழே மோட்டார் நின்றது. உடனே சுவருக்குள் 'டொக்'.

அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்திருக்கும் போல, கையை எடுக்கவில்லை. இளையவர் அவரைப் பார்த்து, "அம்மா, எங்களுக்கும் இது கேட்கும். நாங்க நீங்கதான் தட்டுறீங்கன்னு நெனச்சோம்" என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். மேல்நிலைத் தொட்டி நிரம்பி மோட்டார் நின்றதும், குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பக் கீழே விழப் பார்க்கும். அதைத் தடுக்கும் ஒருவழி வால்வு தேய்ந்துபோய், தண்ணீர் திரும்பத் தொடங்கிய பிறகு தாமதமாக, படீரென்று மூடியது. அந்த அடி குழாய் முழுக்க ஓடி, சுவரில் தளர்ந்திருந்த கிளாம்புகளைத் தட்டியது. காங்கிரீட் கட்டடத்தில் இப்படிச் சுவர் வழியாகப் பரவும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். மேலே என்று நினைத்தால் மேலே கேட்கும்.

எல்லாப் பழியும் குழாய்க்குத்தான் என்று முடிக்க முடியாது. நாற்காலியும் பக்கெட்டும் உண்மை. தொலைக்காட்சியும் தடியும் உண்மை. ஆனால் 'வேணும்னே' என்ற சொல் அன்றோடு விழுந்தது.

## எடுத்த முடிவுகள்

முதலில் குழாய். யார் மேலும் குற்றம் சாட்டாத வேலை என்பதாலும், இரு வீட்டுக்கும் சேர்ந்து பலன் தரும் என்பதாலும் அதிலிருந்து தொடங்கினோம். தண்ணீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த வால்வைப் பொருத்தினோம். கிளாம்புகளுக்குள் ரப்பர் வைத்து இறுக்கினோம். மோட்டார் டைமரைக் காலை ஆறு மணிக்கு மாற்றினோம். பிளம்பருக்குக் கை உதவியாக நின்றவர்கள் மேல் வீட்டு இருவரும் முதல் மாடிக்காரர் ஒருவரும். சேர்ந்து செய்யும் வேலை என்று ஆல்போர்ட் சொன்னது, கையில் அழுக்கோடு, அங்கேதான் முதலில் நடந்தது.

அடுத்து இரு வீட்டின் பழக்கங்கள். மேலே நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ், இரவு பதினொன்றுக்கு மேல் துணி துவைப்பதில்லை. கீழே தடியை விடுவது, காலை ஒன்பதரை முதல் மதியம் ஒன்றரை வரை தொலைக்காட்சியை ஹெட்போனில் கேட்பது. ஹெட்போன் என்றதும் பெரியவருக்குக் கோபம் வந்தது. தன் வீட்டில் தான் அடங்கி இருக்க வேண்டுமா என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மாதான், "அவங்களும் அவங்க வீட்டுல அடங்கித்தானே நடக்கறாங்க" என்றார். போட்டுப் பார்த்த பிறகு வசனம் தெளிவாகக் கேட்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது முடிவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'எப்ப விழும்னு தெரியாம' என்று அம்மா சொன்னது மனதில் இருந்தது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972-இல் வெளியிட்ட சோதனைகள் இதையேதான் பார்த்தன. எப்போது வரும் என்று சொல்ல முடியாத பலத்த சத்தத்தைக் கேட்டவர்கள், சத்தம் நின்ற பிறகும் தடுமாறினார்கள், கடினமான புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள். அதே சத்தத்தைக் கேட்ட இன்னொரு பிரிவினருக்கு, வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் முடிந்தவரை அழுத்த வேண்டாம் என்று சொல்லி ஒரு பொத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் பொத்தான் கையில் இருந்தவர்கள் எவ்வளவோ நன்றாகச் செய்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு பொத்தான் வேண்டும் என்று தோன்றியது. மேல் வீட்டாருக்கும். அம்மா, இளையவர், நான் மூவர் மட்டும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினோம். அதில் எழுதக்கூடியது இரண்டே வாசகம். 'சத்தம் கேட்கிறது' என்பது ஒன்று, 'கவனிக்கிறோம்' என்பது மற்றொன்று. காரணம், விளக்கம், குத்தல் எதுவும் கூடாது. அம்மா இரவில் அனுப்பலாம், இளையவர் பகலில் அனுப்பலாம்.

கடைசி முடிவு சங்கத்தைப் பற்றியது. வாடகைதாரர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது, அவர்களில் ஒருவருக்குச் செயற்குழுவில் ஓர் இடம், குழுவில் செயலைப் பற்றித்தான் எழுத வேண்டும் ஆட்களைப் பற்றி அல்ல என்ற விதி. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "வந்து போறவங்களுக்கு எதுக்கு இடம்?" என்று கேட்டார்கள். 1951-இல் மார்ட்டன் டாய்ச், மேரி எவன்ஸ் காலின்ஸ் இருவரும் அமெரிக்கப் பொதுக் குடியிருப்புகளில் செய்த ஆய்வைக் கூட்டத்தில் சொன்னேன். நியூயார்க்கில் இனம் பாராமல் அடுத்தடுத்த வீடுகளை ஒதுக்கிய இடங்களில் அண்டை வீட்டாரிடையே நட்பும் மதிப்பும் கூடியிருந்தன. நெவார்க்கில் இனவாரியாகத் தனித்தனிக் கட்டடமாகப் பிரித்த இடங்களில் அந்த அளவுக்கு இல்லை. எப்படிப்பட்ட ஏற்பாட்டில் வாழ்கிறோம் என்பது மனதையும் மாற்றும் என்றேன். ஆய்வைவிட, பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று முதல் மாடிக்காரர் கேட்ட கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். 9-க்கு 4 என்று தீர்மானம் நிறைவேறியது.

சிலவற்றைச் செய்யாமல் விட்டதும் முடிவுதான். யாரையும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கைகுலுக்கிப் படம் எடுக்கவில்லை. நண்பர்களாக இருங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. தூங்க விடுங்கள், அது போதும் என்பதுதான் எங்கள் இலக்கு.

## பிறகு நடந்தது

மூவர் குழுவில் முதல் மாதம் ஆறு செய்திகள். அடுத்த மாதம் இரண்டு. அதன் பின் வாரக்கணக்கில் எதுவும் இல்லை. சத்தம் முழுக்க நின்றுவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். "நிக்கல. ஆனா சொன்னா கேப்பாங்கன்னு தெரியும்ல, திரும்பிப் படுத்துக்கறேன்" என்றார்.

ஏழாம் மாதம் ஒரு சறுக்கல். மேல் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து, இரவு இரண்டு மணி வரை கொண்டாட்டம். அம்மா செய்தி அனுப்பினார், பதில் இல்லை. பெரியவர் தானே மாடி ஏறிப் போய்க் கத்தினார். கத்தியதில் சத்தத்தைப் பற்றிப் பேசியது பாதி, அவர்கள் மதத்தைப் பற்றிப் பேசியது பாதி. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

முன்பு என்றால் இது வீட்டைக் காலி செய்வதில் முடிந்திருக்கும். இந்தத் தடவை மேல் வீட்டார் செயற்குழுவுக்கு எழுதினார்கள். இரண்டு பத்தி. முதல் பத்தியில் இரவு நடந்தது தங்கள் தவறு, போனைப் பார்க்கவில்லை என்று. இரண்டாவதில், எங்கள் மதத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது என்று. இரண்டும் தனித்தனியாக இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அந்தக் கடிதத்தைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மாலை அவர் மேலே போனார், வாசலிலேயே நின்று, "நேத்து நான் பேசினது சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இதைச் சொன்னது இளையவர். அவர் உள்ளே வரச் சொன்னாராம், பெரியவர் வரவில்லையாம்.

எட்டாம் மாதம் கிடங்கில் வேலை செய்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவரிடம் பேசினேன், இளையவர் மொழிபெயர்த்தார். இங்கே யாரும் இப்போது கெட்டவர்களாக இல்லை, ஆனால் எப்போதும் யாரோ கவனித்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது, தன் வீட்டில் கால் வைக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது, களைத்துவிட்டேன் என்றார். அவர் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இந்தச் சமாதானத்துக்கான விலையில் பெரும்பங்கை அவர்தான் கொடுத்தார்.

## ஒன்பதாம் மாத முடிவில்

இரு வீட்டாரும் நண்பர்கள் ஆகவில்லை. படிக்கட்டில் பார்த்தால் தலை அசைக்கிறார்கள். அம்மாவும் இளையவரும் மட்டும் நின்று பேசுவார்கள். பெரியவர் இன்னமும் புகார் சொல்கிறார். ஆனால் முன்பு 'அந்த ஆளுங்க' என்றவர், இப்போது மேலே இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் புகார் சொல்கிறார். ஒருவர் கதவை அடித்துச் சாத்துவார், இன்னொருவர் சத்தமே தெரியாமல் நடப்பார் என்று அவருக்கு இப்போது தெரிகிறது.

தீர்மானத்தை எதிர்த்த நாலு பேரில் ஒருவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

## மறுபடி செய்தால்

முதல் நாளே மேல் மாடிக்கு நடந்து போவேன். யாருக்குத் தூக்கம் போனதோ அவரையே கேட்பேன், அவர் சார்பில் பேசுபவரை மட்டும் கேட்க மாட்டேன். மனிதர்களைச் சந்தேகிக்கும் முன் மோட்டார், குழாய், லிஃப்ட் எல்லாவற்றின் நேரத்தையும் சரிபார்ப்பேன்.

நோட்டு எழுதுவதைப் பத்து நாளில் நிறுத்தியிருக்க வேண்டும். பத்து நாளிலேயே விவரம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. மீதிப் பதினொரு நாளும் கண்காணிப்பாகத்தான் இருந்தது, கிடங்கு வேலைக்காரரின் களைப்புக்கு அதுவும் காரணம். எல்லாப் பேச்சையும் இளையவர் தலையில் ஏற்றியதும் சரியில்லை. இருபத்து நாலு வயதுப் பையன் ஒரே ஆளாக வேலைக்கும் போய், தூக்கத்தையும் பிடித்து, இரண்டு வீட்டுக்கும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். இன்னொருவரை உதவிக்கு வைத்திருக்கலாம்.

'வெளியாட்கள்' என்ற சொல் குழுவில் விழுந்த அன்றே, எல்லோரும் பார்க்க, அது தவறு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சண்டை பெரிதாகுமோ என்று பயந்தேன். என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இங்கே அடிதடியோ உயிருக்கு மிரட்டலோ இல்லை. அப்படி இருந்திருந்தால் இரு தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்திருக்கக் கூடாது, பாதுகாப்பைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

பொறுப்பு முடிந்த நாளில் புதிய செயலாளரிடம் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுத்தேன். மோட்டார் டைமர் காலை ஆறு, அதை மாற்ற வேண்டாம். வால்வை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். செயற்குழுவில் வாடகைதாரர் இடம் காலியாகப் போகிறது, இளையவர் வேறு ஊருக்கு மாற்றலாகிறார், அடுத்தவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு நோட்டுகளையும் அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.